நாக்கில் ஒட்டாத தூள்

விரல் நுனியில் வெள்ளைத் தூளைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறாள் லிஜா. பட்டதும் ஒட்டிக்கொண்டால் நல்லது. ஈரத்தை இழுக்கிற நுண்துளைகள் திறந்திருக்கின்றன. வழுக்கினால் அன்றைக்கு யாருக்கோ விசாரணை உண்டு.

மயிலாடிப் பக்கம், நெல் உமியை அலசி எரித்துச் சிலிக்கா எடுக்கிற சிறிய ஆலையில் அவள் கெமிஸ்ட். மாத்திரை டப்பாவுக்குள் போடும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துக்கு அந்தத் தூள் போகிறது. வருகிற உமி மூட்டையை மேலே பிரிக்க மாட்டாள், அடியில் கிழித்துத்தான் பார்ப்பாள். “ஒருத்தர மட்டும் சந்தேகப்பட்டாத்தானே தப்பு? நான் எல்லாரையும் சந்தேகப்படுவேன்” என்பாள்.

சித்திரையில் ஒருநாள் சூளையிலிருந்து வந்தது தூளே அல்ல. கண்ணாடிப் பளபளப்போடு கட்டிகட்டியாக, நடுவே கறுப்புப் பொட்டுகள். சூடு மிஞ்சினால் துளைகள் இப்படித்தான் உருகி மூடிக்கொள்ளும். சூளை பார்ப்பவர் யோவான்.

“அண்ணே, ஒறங்கிட்டீரா?”

“இல்ல மக்களே, கண்ணு மூடல்ல. சூட்டு மீட்டர் முள்ளும் ஏறல்ல.”

அவள் நம்பவில்லை; தூங்கியிருப்பார் என்றே மேலே சொன்னாள். முதலாளி முருகதாஸ், இனி வரவேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை சூளை முன்னால் லிஜாவே உட்கார்ந்தாள். மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வந்தது அதே கட்டி.

சந்தேகம் தண்ணீர்மேல் திரும்பியது. ஒரே மூட்டை உமியில் ஒரு பிடியை ஆலையில் உமி அலசும் தொட்டித் தண்ணீரிலும், ஒரு பிடியைக் காய்ச்சி வடித்த நீரிலும் அலசி, ஒரே சூட்டில் வைத்தாள். வடித்த நீரில் அலசியது பொரிபொரியாக வெளுத்து வந்தது. மற்றது உருகிக் கிடந்தது. சோடியம் சேர்ந்தால் சிலிக்கா குறைந்த சூட்டிலேயே இளகித் துளைகள் அடைபட்டுவிடும். பாசி பிடித்த தொட்டியைச் சலவைச் சோடா போட்டுத் தேய்க்கச் சொன்னவள் லிஜா. அடியில் உறைந்துபோன சோடாக்கட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. தேய்த்து முடித்த தொட்டியை அவள் எட்டிப் பார்க்கவே இல்லை.

முருகதாஸிடம் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “எனக்க தப்பாக்கும். யோவான் அண்ணன் ஒண்ணும் செய்யல்ல.” பிறகு இராஜாக்கமங்கலத்துக்குப் போய் அவர் வீட்டு வாசலில் நின்றாள்.

“நான் சொன்னத நீ நம்பல்லியே பிள்ளே.”

“நம்பல்ல அண்ணே.”

திங்கட்கிழமை யோவான் வேலைக்கு வந்தார். சூளையைப் பற்றவைக்காமல், லிஜா அலசி வைத்திருந்த உமித் தட்டுக்கு அருகே போனார். மேசையிலிருந்து, சோடா மிச்சமிருந்தால் நீலமாகிற சிவப்பு லிட்மஸ் தாள் ஒன்றை உருவினார்.

“நான் ஒருக்கா பாக்கட்டா?”

லிஜா தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு விலகி நின்றாள்.