தவளையை என் மேசையில் யார் வைப்பது

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை மறைத்து எழுதிப் பிரயோஜனமில்லை. என்னோடு வேலை பார்த்தவர்கள் படித்தால் சிரிப்பார்கள்.

புதுச்சேரியில், சாரம் பகுதியில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா வீட்டு மாடியில் எங்கள் ஆபீஸ். ஏழு பேர், நான் தலைமை. மீனவர் சங்கம் ஒன்றுக்காக நாங்கள் செய்த மென்பொருளுக்கு வேலை ஒன்றுதான். கடலில் காற்று பலமாகும் என்று மதியம் எச்சரிக்கை வந்தால், நாலு மணிக்குள் ஒவ்வொரு படகுக்காரர் போனுக்கும் சேதி போக வேண்டும். போனால் மறுநாள் விடியலில் படகை இறக்க மாட்டார்கள். போகாவிட்டால் இறக்கிவிடுவார்கள். எங்களில் ஒருத்தி, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆனவள், பிள்ளைச்சாவடி என்ற மீனவ ஊரில் இருந்து பஸ்ஸில் வருவாள். அவள் அப்பா படகும் அந்தப் பட்டியலில் இருந்தது.

முதலில் அது ஒரே பெரிய புரோகிராம். ஒரு மூலையைத் தொட்டால் இன்னொரு மூலை விழும். அதைச் சின்னச் சின்ன சர்வீஸ்களாகப் பிரித்தோம். ஊர் விவரம் ஒன்றில், படகுப் பட்டியல் ஒன்றில், சேதி அனுப்புவது ஒன்றில். ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும் என்பது கணக்கு. படகுப் பட்டியலை நானே எழுதினேன். மற்றவர்களை நம்பவில்லை, அவ்வளவுதான்.

தவளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமுக்கினால் கத்தும் பச்சை பிளாஸ்டிக் தவளை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் வாங்கியது. யாராவது எதையாவது கெடுத்துவிட்டால், அதைக் கண்டுபிடித்தவர் தவளையைக் கொண்டுபோய்க் கெடுத்தவர் மேசையில் வைக்க வேண்டும். அடுத்த தப்பு வரும்வரை அங்கேயே இருக்கும். எல்லாரும் சிரிப்போம், நான் ரொம்பச் சத்தமாக. இரண்டு வருஷத்தில் அது என் மேசைக்கு வந்ததே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு வேறு.

பிரித்து ஒரு மாதம் ஆனபோது சங்கத்துச் செயலாளர் போன் செய்தார்.

"என்னம்மா, பிள்ளைச்சாவடியில பாதி பேருக்கு சேதியே வர்றதில்லயாமே? ஒருத்தர் பேச்சுவாக்குல சொன்னாரு."

அந்த மாதம் மூன்று எச்சரிக்கை வந்திருந்தது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலயே சார்?"

"இல்லம்மா. மூணு தடவையும் யாரும் போகல. எப்படியோ தெரிஞ்சிருக்கு."

போனை வைத்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. கடைசியாகச் சேதி அனுப்பும் பகுதியில் கைவைத்தவள் அந்தப் பிள்ளைச்சாவடிப் பெண்தான். "உங்க ஊருக்கே சேதி போகல, உனக்குத் தெரியலயா? கண்ண எங்க வச்சிருந்த?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். தவளையை எடுத்து அவள் மேசையில் டக்கென்று வைத்தேன். அவள் தவளையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்திவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அவள் தப்பை ஆதாரத்தோடு காட்டவேண்டும் என்று உட்கார்ந்தேன். அரைமணி நேரத்தில் கிடைத்தது. என் பட்டியல். மீனவர்கள் படகைப் பதிவு எண்ணால் சொல்வதில்லை, பெயரால்தான் சொல்வார்கள். பழைய புரோகிராமில் பெயரோடு ஊரும் ஒட்டியிருந்தது. பிரித்தபோது ஊர் வேறு பக்கம் போய்விட்டது, நான் பெயரை மட்டும் வைத்துக்கொண்டேன். கனகசெட்டிக்குளத்திலும் அதே அம்மன் பெயரில் படகு, பிள்ளைச்சாவடியிலும் அதே அம்மன் பெயரில் படகு. இப்படிப் பாதிப் படகுகளுக்கு. ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் என் புரோகிராம் பிந்தி வருவதைத் தூக்கி எறிந்துவிடும். கடற்கரையில் பத்து நிமிஷம் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சாரத்தில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படித் தெரியும்!

வெட்கமாக இருந்தது. எழுந்து போய்த் தவளையை எடுத்தேன்.

"என் தப்பு இது. உன்னப் போய்க் கத்திட்டேன். மன்னிச்சிடும்மா."

"தெரியும்க்கா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"பேரு மோதுதுன்னு. முதல் தடவையே எங்க அப்பாவுக்கு சேதி வரல. அன்னிக்கே தேடிப் பாத்துட்டேன்."

"ஏண்டி சொல்லல?"

"சொல்ல வந்தேன்க்கா. 'என் பட்டியல்ல எவளும் கை வைக்கக் கூடாது'ன்னீங்க. அப்புறம்..." தவளையைப் பார்த்தாள். "இத உங்க டேபிள்ல யாரு வைக்கிறது?"

மற்ற ஐந்து பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு விஷயம் முன்பே தெரியும் என்று பிறகு தெரிந்தது.

"அப்போ மூணு தடவையும் யாருமே போகலயே, எப்படி?"

"நான் இங்கிருந்து அம்மாவுக்கு போன் பண்ணிடுவேன். அம்மா மீன் வித்துட்டு வந்து, வீடு வீடா போய் சொல்லிட்டு வருவாங்க. முப்பது வீட்டுக்கு மேலக்கா. முட்டி வலின்னு ஒரே புலம்பல்."

நான் பெருமையடித்துக்கொண்ட மென்பொருள் ஒரு மாதமாக அந்த அம்மாவின் முட்டியில் ஓடியிருக்கிறது. என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை வந்தது. அழுதேன், எல்லார் முன்னாலும்தான். ஊரையும் பெயரையும் மறுபடி சேர்த்து எழுதி, அவளையே வரிவரியாகச் சரிபார்க்கச் சொன்னேன். நாலு இடத்தில் குறை சொன்னாள். இரண்டுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டேன். நாலும் சரி. தவளை குப்பைக்குப் போனது.

அடுத்த எச்சரிக்கை பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்றரைக்கெல்லாம் சேதி போய்விட்டது. பிள்ளைச்சாவடிப் படகுகள் அத்தனையும் திரையில் பச்சையாகத் தெரிந்தன. அவள் போனை எடுப்பதைப் பார்த்தேன்.

"இனிமே அம்மாவ நடக்க வேணாம்னு சொல்லிடு," என்றேன்.

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். அதுவரை அப்படிப் பார்த்ததில்லை.

"இல்லக்கா. இன்னும் ரெண்டு தடவ போயிட்டு வரட்டும். உங்க புரோகிராம அப்புறம் நம்பிக்கிறேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. "சரி, முட்டிக்குத் தைலம் வாங்கிட்டுப் போ," என்றேன்.