கப்பல் ஏறாத மிளகு

விவசாயிகள் குழுவில் மனு எழுதும் வேலை என்பது, எங்கோ எவனோ மூடிய கதவுக்கு இங்கே நாம் திட்டு வாங்கும் வேலை. பிறருக்காக மனு எழுதி நொந்தவர்களே, உங்களுக்குப் புரியும். சட்டக் கல்லூரி விடுமுறையில் கொல்லிமலைச் செம்மேட்டு மிளகுக் குழுவில் நானாகப் போய் மாட்டிக்கொண்டேன்.

எதிராளி எங்கே?

மிளகைக் கப்பலில் அனுப்ப அரசு தந்துவந்த கட்டண உதவி நின்றுவிட்டதாகக் கடிதம் வந்தது. ஏற்றுமதிக்கு உதவித்தொகை கொடுப்பது உலக வர்த்தக விதிப்படி குற்றம் என்று வெளிநாடுகள் வழக்குப் போடுகின்றனவாம். உதவி இல்லாமல் குழுவால் அனுப்ப முடியாது. குழு உறுப்பினரான திருப்புலி நாட்டு (இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு ‘நாடு’) வெள்ளையம்மாக்கா தன் மிளகை லாரி வியாபாரி சொல்லும் விலைக்குத் தள்ளியாக வேண்டும். குழுக் கூட்டத்தில் நான் கடிதத்தை வாசித்து முடித்ததும் அக்கா கேட்டார்: “எங்க நாட்டுப் பஞ்சாயத்துல ரெண்டு பேரையும் எதிரெதிரா நிறுத்தாம தீர்ப்பு இல்ல. வழக்குப் போட்டவன் என் மொகத்தப் பாத்திருக்கானா கண்ணு?”

பச்சைப் பெட்டி

“அப்போ பணக்கார நாடுங்க அவங்க விவசாயிக்கு அள்ளிக் குடுக்கறது?” என்று கூட்டத்தில் ஒரு குரல். அதற்கு விதியில் ‘பச்சைப் பெட்டி’ என்று ஒரு வகை உண்டு, அதில் சேர்த்துவிட்டால் அந்த உதவிக்கு அனுமதி உண்டு என்று பலகையில் படம் போட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. பின்வரிசை பொன்னுசாமி அண்ணன் எழுந்தார்: “பெட்டியும் அவனுது, பெயிண்டும் அவனுது. இதுல நமக்கு எதுக்குங்க படம்?”

மூன்று பக்கம்

விதி, விதிவிலக்கு, விதிவிலக்குக்கு விலக்கு எல்லாம் சேர்த்து மூன்று பக்கம் எழுதி, மலையிறங்கிப் போய், கடிதம் அனுப்பிய அலுவலகத்து அதிகாரியிடம் வாதாடினேன். முழுக்கக் கேட்டார். டீயும் வாங்கித் தந்தார். அந்த மரியாதைதான் இன்னும் எரிகிறது. “பாயின்டெல்லாம் சரிம்மா. இதக் கேக்க வேண்டிய ஆளு இந்த பில்டிங்ல இல்லையே.”

தராசு

அடிவாரத்து முள்ளுக்குறிச்சி வியாபாரி லாரியோடு வந்து நின்றார். “உலகமே நம்ம மிளகுக்குத் தடை போட்டிருச்சுக்கா” என்றார். பச்சைப் பொய்! “நின்னது கப்பல் கட்டண உதவிங்க, மிளகு இல்ல!” என்று கடிதத்தை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். அவர் பாட்டுக்குத் தராசைத் தொங்கவிட்டார். “அக்கா, குடுக்காதீங்க, மேல்முறையீடு பண்ணலாம்” என்று கத்தினேன். வெள்ளையம்மாக்கா கடைசி மூட்டையையும் தானே தூக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: “நீ ஜெயிக்கிற வரைக்கும் எம்புள்ள ஹாஸ்டல்ல பட்டினி கெடக்கட்டுமா?”

உலக வர்த்தக வழக்குகள் நடக்கும் ஜெனிவாவில் யார் பக்கம் தீர்ப்பு வரும் என்பது எனக்குத் தெரியாது. கொல்லிமலையில் அதற்காக வியாபாரிகள் யாரும் காத்திருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.