நாலு முடிச்சுப் போட்ட மழைக்கோட்டு

பெரிய உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மாரிக்கு முன்னர், ஒரு சனிக்கிழமை பின்னேரம், மட்டக்களப்பு வாவியில் நான் ஒரு மழைக்கோட்டுக்குள் கிடந்து சாகப் பார்த்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். இதைச் சொல்லும்போதெல்லாம் என் மனைவி மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். அந்தக் கோட்டின் முடிச்சுகளைப் போட்டவள் அவள்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டோடு குடியிருந்தேன். வேலை கிழக்கே, எழுவான்கரையில் ஒரு அரசாங்கக் கந்தோரில். தற்காலிகக் கிளாக்கர். என்னை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர் எங்கள் துரை. அந்த மனிசனுக்குக் கொல்ஃப் என்றால் உயிர். கடலோரத் தென்னந்தோட்டங்களுக்குப் பக்கத்தில் புல்லை வெட்டி, குழிகள் தோண்டி, ஒரு மைதானம் வைத்திருந்தார்கள். அவரோடு ஆடுகிற மூன்று பேரில் ஒருவர் விடுமுறையில் சீமைக்குப் போனதும், நாலாவது ஆளாக என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் நான் கிரிக்கெட் ஆடியவன் என்று யாரோ போட்டுக் கொடுத்த வினை.

வெயில் காலத்தில் ஒரு பாடாகச் சமாளித்தேன். மாரி தொடங்கியதும் பிடித்தது சனி. துரை மழைக்கு ஆட்டத்தை நிறுத்துகிறவர் இல்லை. அவர்கள் மூவருக்கும் அளவெடுத்துத் தைத்த மழையுடுப்பு இருந்தது. எனக்கு ஒரு குடை. ஒரு கையில் குடை, மறு கையில் மட்டை என்றால் பந்தை எப்படி அடிக்கிறது? குடையை மடக்கி வைத்துவிட்டு நனைந்தபடி ஆடினேன். என் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர், எண்ணிக்கை எழுதும் கொப்பியில் விழுந்து, துரையின் கணக்கு மட்டும் அழிந்துபோயிற்று. அடுத்த முறை மழைக்கேற்ற உடுப்போடு வா, இல்லாவிட்டால் வராதே என்றார். அவர் ஆட்டத்துக்குத்தான் சொன்னாரா, கந்தோருக்கும் சேர்த்தா? அந்தப் பயத்தில் நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டணத்துக் கடையில் ஒரு சீமைக் கோட்டு தொங்கியது. போட்டுப் பார்த்தேன், எனக்கென்றே தைத்த மாதிரி. விலையைக் கேட்டேன். இரண்டு மாதச் சம்பளம். சத்தமில்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகுதான், இடமாற்றமாகிப் போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன கோட்டை அவருடைய சமையற்காரர் விற்கப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். ரப்பர் பூசிய கோட்டு, நல்ல மலிவு. ஆனால் ஆறடி ஆளுக்குத் தைத்தது. நானோ ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். போட்டால் விளிம்பு கணுக்காலைத் தட்டும், கைகள் விரல்களைத் தாண்டித் தொங்கும். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதையாக, அதை வாங்கினேன்.

வாங்கியதைக் காத்தான்குடியில் ஒரு தையற்காரரிடம் கொண்டுபோனேன். அவர் என் தோளையும் கையையும் அளந்துவிட்டு, அளவுகோலை என் கையில் தந்து, “அந்தப் பந்தடிய ஒருக்கா அடிச்சிக் காட்டுங்க தம்பி” என்றார். வீசினேன். அக்குளில் கோட்டு பிடித்து இழுத்தது. அலுமாரியில் இருந்த நூல்கட்டைகள் நாலைந்து உருண்டு விழுந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டு, முழங்காலளவுக்கு வெட்ட வேண்டும், கையையும் குறைக்க வேண்டும், அக்குளில் துண்டு வைத்துத் தளர்த்த வேண்டும் என்றார். எனக்கு மனம் வரவில்லை. வெட்டினால் யாரோ போட்டுக் கழித்த கோட்டு என்று துரை கண்டுபிடித்துவிடுவார் என்று ஒரு எண்ணம். பிறகு விற்கவும் முடியாதே என்று இன்னொன்று. வெட்ட வேண்டாம், கழுத்திலும் இடுப்பிலும் இரண்டு மணிக்கட்டிலும் நாடா வைத்துத் தைத்துத் தாருங்கள், இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன் என்றேன்.

“ஒரு கையால மறு கைக்கு முடிச்சுப் போடவும் ஏலா, அவுக்கவும் ஏலா” என்றார் அவர். “அவசரத்துக்கு எப்பிடித் தம்பி கழட்டுவீங்க?”

“கழட்டுறதப் பத்தி எனக்குக் கவலையில்ல. தண்ணி உள்ள வராம இருந்தாச் சரி” என்றேன் நான். அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே வானம் கறுத்துக்கொண்டு நின்றது. மனைவி நாலு முடிச்சையும் போட்டாள். “இவ்வளவு இறுக்க வேணுமா?” என்று கேட்டாள். இன்னும் இறுக்கச் சொன்னேன். உள்ளே வேர்த்து வழிந்தது. ஆனாலும் ஒரு தைரியம் வந்தது. வாளி வாளியாக ஊற்றினாலும் துரைக்கு முன்னால் காய்ந்த மனிசனாக நிற்பேன் என்று நினைத்துக்கொண்டு துறைக்குப் போனேன்.

தோணிக்காரன் என் வயதுக்காரன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவன். ஒன்றாக அந்த வாவியில் குதித்து நீந்தியவர்கள் நாங்கள். எனக்குக் கந்தோர் வேலை கிடைத்த நாளிலிருந்து என்னை ஐயா என்பான். வேண்டாம் என்று நானும் ஒரு நாள் சொன்னதில்லை. எங்கள் வாவிக்காரர்கள் மழைக்கு உடுக்கிறவர்கள் இல்லை, கழற்றுகிறவர்கள். அவனும் சாரனையும் சட்டையையும் மடித்து ஒரு மண்பானைக்குள் வைத்து, பானை வாயைக் கமுகம் மடலால் மூடி இறுக்கிக் கட்டி, கச்சையோடு நின்றான்.

“ஐயா, அந்தக் கோட்டக் கழட்டி மடியில வச்சிருங்க. அக்கரையில போய்ப் போடலாம்” என்றான்.

கழற்றினால் அங்கே யார் முடிச்சுப் போடுகிறது? பேசாமல் தோணியை விடு என்றேன்.

பாதி வாவி தாண்டியதும் வாடைக்காற்று இறங்கியது. மழை சரிந்து வந்து முகத்தில் அடித்தது. எழுவான்கரை மறைந்தது, திரும்பிப் பார்த்தால் படுவான்கரையும் இல்லை. சுற்றிவரச் சாம்பல் நிறத் தண்ணீர் மட்டும். அலை தோணிக்குள் ஏறியது. “குந்துங்க ஐயா, குந்துங்க!” என்று அவன் கத்தினான். குந்தப் போனேன். கோட்டின் விளிம்பு என் காலுக்குக் கீழேயே மாட்டிக்கொண்டது. அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தேன். என்னோடு தோணியும் கவிழ்ந்தது.

நீந்தத் தெரிந்தவன்தானே, விழுந்த உடனே நான் பயப்படவில்லை. அடுத்த கணம் பயந்தேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அறியேன். கழுத்து, இடுப்பு, கைகள் எல்லாம் இறுக்கிக் கட்டியிருந்தபடியால், கோட்டுக்குள் இருந்த காற்றுக்கு வெளியே போக வழியில்லை. அது முழுக்க முதுகுக்கு ஏறி, பலூன் மாதிரி ஊதிக்கொண்டது. நான் மிதந்தேன், முகம் தண்ணீருக்குள்ளே. தலையைத் தூக்கினால் முதுகில் இருந்த காற்று கீழே அமத்தியது. கையை மடக்கினால் ஊதிய கோட்டுக்கை மடங்க விடவில்லை. கால்கள் நீண்ட விளிம்பில் சுற்றிக்கொண்டு கிடந்தன. ஒரு கையாலே மற்ற மணிக்கட்டைத் தேடிப் பிடித்தேன். முடிச்சு நனைந்து கல்லாகியிருந்தது. கோட்டு நான் கேட்ட வேலையைச் சரியாகத்தான் செய்தது. தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணுக்குள் பச்சையாக ஏதோ சுழன்றது. வாயைத் திறந்துவிட்டேன், உவர்த் தண்ணீர் உள்ளே போயிற்று. தாயே, என் பெண்சாதி கட்டிய முடிச்சோடு நான் கரையொதுங்கப் போகிறேனே, அவள் அதைப் பார்க்கப் போகிறாளே என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

முதுகில் ஏதோ கிழிந்தது. புஸ் என்று காற்றுப் போயிற்று. யாரோ என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார்கள். “டேய்! கால ஊண்டுடா! கால ஊண்டு! நெஞ்சளவு தண்ணிதான்டா!”

காலை ஊன்றினேன். சேறு. குளிர்ந்த, வழுக்கும் சேறு. நான் நிமிர்ந்து நின்றேன். தண்ணீர் என் நெஞ்சுக்கு மேல் வரவில்லை. கச்சையில் செருகியிருந்த, வலை அறுக்கும் கத்தியை உருவிக் கையில் பிடித்தபடி அவன் எனக்கு முன்னால் நின்றான். எழுந்து நின்றால் மூச்சு வரும் இடத்தில், எழுந்து நிற்க முடியாமல் நான் செத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கழுத்து நாடாவையும் இடுப்பு நாடாவையும் அறுத்து, கைகளை முழங்கைக்குக் கீழே வெட்டி, கோட்டை உரித்து எறிந்தான். அது கொஞ்ச தூரம் மிதந்து போய்த் தாழ்ந்தது. தோணியை நிமிர்த்தி, தண்ணீரை இறைத்து, என்னை ஏற்றினான். மண்பானை அலையில் ஆடிக்கொண்டு ஒரு பக்கம் மிதந்தது. அதை எட்டிப் பிடித்து மடலை அவிழ்த்தான். சாரன் ஓரம் மட்டும் ஈரம், மற்றதெல்லாம் காய்ந்து கிடந்தது. அதை எனக்குச் சுற்றிவிட்டு, அவன் கச்சையோடு கம்பை ஊன்றினான். தோணி எங்கள் கரைக்கே திரும்பியது. துறை தெரியத் தொடங்கியதும், “குளிருதா ஐயா?” என்று மெதுவாகக் கேட்டான். நான் விம்மி விம்மி அழுதேன்.

வீட்டு வாசலில் மனைவி என் கைகளைத்தான் முதலில் பார்த்தாள். வெட்டிய கோட்டுத் துண்டுகள் இரண்டு மணிக்கட்டிலும் முடிச்சோடு கிடந்தன. அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. கடைசியில் பாக்குவெட்டியால் அறுத்தாள். அன்றைக்கு அவள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை கந்தோருக்குப் போனால், துரை சனிக்கிழமை பங்களாவை விட்டே இறங்கவில்லையாம். மைதானம் முழுக்க வெள்ளமாம், பந்து மிதக்குமாம். அடுத்த சனி வருவாயா என்று கேட்டார். இனி வர மாட்டேன் ஐயா என்றேன். சொல்லிவிட்டு, வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு வேறு ஒருவரைத் தேடிக்கொண்டார். நிரந்தரக் கடிதம் எல்லாருக்கும் வருவது போல, வரவேண்டிய நேரத்தில் எனக்கும் வந்தது. அதற்கும் கொல்ஃபுக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை.

இப்போது என்னிடம் ஒரு மழைக்கோட்டு இருக்கிறது. அதே காத்தான்குடித் தையற்காரர் மெழுகு பூசிய துணியில் தைத்துத் தந்தது, முழங்காலளவு, அகன்ற கை, முன்னால் மூன்று பொத்தான். அதிக விலையும் இல்லை. தைத்து முடிந்ததும் அவர் கடையிலேயே குந்தி எழும்பினேன், கையை வீசினேன், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பில் கழற்றிப் பார்த்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஆனாலும் மாரி வந்து தோணியில் ஏறினால், அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நனைந்தபடிதான் போகிறேன். கழுத்துப் பொத்தானைப் பூட்டினால் இன்றைக்கும் எனக்கு மூச்சு முட்டும்.

தோணியை விடுகிறவன் அவன்தான். ஐயா என்று கூப்பிடாதே என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன், சிரித்துவிட்டு மறுபடி ஐயா என்கிறான். அவன் ஐயாவை மறந்து டேய் என்று கத்திய அந்த ஒரு தடவையால்தான் நான் இன்னும் உயிரோடிருக்கிறேன் என்று, வாவியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.