காரணத்தை எழுதிக் கொடுங்கள்

1. பதினோரு மணி போன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். இருபது வருஷம் தாண்டிவிட்டது. கையில் மைக்ரோமீட்டர் இருந்தால் போனைத் தொடமாட்டேன். என் மகன் ஜோயல் இரண்டாம் வகுப்பு படித்த வருஷம் மட்டும் அந்த வைராக்கியம் செல்லுபடியாகவில்லை. கள்ளிக்குப்பத்தில் அவன் படித்த பள்ளியிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது பதினோரு மணி வாக்கில் அழைப்பார்கள். "காதப் பொத்திக்கிட்டுக் கத்துறான். வந்து கூட்டிட்டுப் போங்க." பெர்மிஷன் போட்டுவிட்டு ஓடுவேன்.

ஒருநாள் தலைமை ஆசிரியை என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "எங்களால முடியலம்மா. டி.சி. வாங்கிக்குங்க. வேற எங்கயாவது பாருங்க."

கோபம் வந்தால் என் குரல் இறங்கிவிடும். "சரிங்க மேடம். எதுக்காக அனுப்புறீங்கன்னு எழுதி, கையெழுத்து போட்டுக் குடுங்க."

"அதெல்லாம் எழுதித் தர முடியாது."

"அப்ப நாளைக்கும் வருவான்."

2. ரிஜெக்‌ஷன் ஸ்லிப்

எங்கள் பட்டறையில் ஒரு பீஸை வாய்ச்சொல்லால் திருப்பி அனுப்ப முடியாது. எந்த அளவு, எவ்வளவு வித்தியாசம், யார் பார்த்தது என்று ஸ்லிப் எழுத வேண்டும். 'சரியில்லை' என்று மட்டும் எழுதினால் சூப்பர்வைசர் கிழித்துப் போடுவார். என் மகன் உதிரிபாகம் இல்லை, தெரியும். ஆனால் இரும்புக்குக் கிடைக்கிற மரியாதைகூட அவனுக்குக் கிடைக்காதா?

அவர்கள் எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன் என்று ஒரு சின்ன டைரி போட்டேன். போன் வந்த நாள், எந்த பீரியட், அதற்கு முன் என்ன நடந்தது. கடைசிக் கேள்விக்கு மட்டும் பள்ளியில் பதில் இல்லை. "திடீர்னு கத்தினான்" என்பார்கள். கேட்டில் நிற்கும் ஆயா செல்வியக்காதான் சொன்னார்:

"இன்னாம்மா திடீர்னு? டீச்சரு ட்ரெய்னிங் போய்ட்டா ரெண்டு கிளாஸையும் ஒண்ணாப் போட்டுடுறாங்க. உம் புள்ள எடத்துல வேற எதுனா பையன் குந்திகினான்னா அவ்ளோதான்."

டைரியைப் புரட்டிக்கொண்டே அவரிடம் நாள் நாளாகக் கேட்டேன். ஒன்பது போனில் எட்டு, வகுப்பு சேர்த்த நாளில் வந்தவை. மிச்சம் ஒன்று காய்ச்சல்.

3. மேஜைமேல் வைத்த மனு

மறுநாளே மனு எழுதிக்கொண்டு போனேன். அவன் இடத்தை மாற்றக் கூடாது. வகுப்பைச் சேர்ப்பதாக இருந்தால் காலையிலேயே அவனிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டே கோரிக்கைகள். "வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரு காப்பி குடுக்கப் போறேன் மேடம்" என்றேன்.

அவர் முழுதும் படித்தார். "ஆட்டிசம்னு எழுதியிருக்கீங்க. அட்மிஷன் பாரத்துல ஒண்ணுமே இல்லையே? எப்பலேர்ந்து தெரியும்?"

"மூணு வயசுலேர்ந்து."

"ஏம்மா சொல்லல? அடம் பிடிக்கிறான்னு நெனச்சு டீச்சர் அவனை வெளிய நிக்க வெச்சிருக்காங்களே!"

சொன்னால் சீட் கிடைக்காது என்று பயந்து, மாற்றுத்திறனாளி சான்றிதழை பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். கோரிக்கைக்குக் காரணம் காட்ட வேண்டுமே என்று அந்த மனுவில்தான் முதன்முதலாக எழுதினேன். பட்டறையில் அளவை மறைத்து ஒரு பீஸ் பாஸ் செய்திருந்தால் அன்றே என் வேலை போயிருக்கும்.

மனுவின் ஓரத்தில் 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போன் உடனே நிற்கவில்லை, குறைந்தது. ஜோயல் அதே பள்ளியில் இப்போது எட்டாவது படிக்கிறான்.

எஸ்டேட்டில் இதே கவலையோடு வரும் இளம் பெற்றோர்களிடம் சண்டை போடத்தான் சொல்கிறேன். எதையும் எழுதிக் கேளுங்கள், விடாதீர்கள். ஆனால் முதல் நாளே சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள். வகுப்புக்கு வெளியே நின்ற நாட்களில், தான் எதற்காக நிற்கிறோம் என்று ஜோயலுக்குத் தெரியாது, நிற்க வைத்த டீச்சருக்கும் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்கவில்லை.