ஒரே பட்டனில் நானூறு முகங்கள்

போன புதன்கிழமை மதியம். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, ஐந்து நிமிஷம் கண்ணை மூடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வருகைப் பதிவு பார்க்கும் என் மேஜைக்கு முன்னால் ஒரு பெண்மணி வந்து நின்றார். பெயர் தேசம்மா. ஊர் நெட்டுக்குப்பம். எங்கள் தொழிற்சாலையில் லோடிங் செக்‌ஷனில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த எல்லப்பனின் மனைவி. எல்லப்பன் நெஞ்சுவலியில் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

"சார், உங்க கம்ப்யூட்டர்ல அவுரு போட்டோ கீதாமே. பெருசா ஒண்ணு போட்டுக் குடுத்தீங்கன்னா மாலை போட்டு வெச்சிப்பேன். ஞாயித்துக்கெழம காரியம்."

வீட்டில் வேறு படம் இல்லையா என்று கேட்டேன்.

"கல்யாணப் போட்டோ கீது. அதுல சின்னப் பையனாட்டம் இருப்பாரு. ஓட்டு கார்டுல கீறது தான்தானான்னு அவுருக்கே டவுட்டு."

நம் வாக்காளர் அட்டைப் படங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதென்ன பெரிய விஷயம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். பெயரைத் தட்டினேன், படம் வந்தது. திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழவில்லை... உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது யாரு சார்?" என்றார்.

பெயர் சரி. டோக்கன் நம்பர் சரி. ஆனால் தேசம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "பேரு அவுருது சார். மூஞ்சி அவுரு இல்ல. இந்தக் கன்னத்துல வெட்டு கீதே, அது எங்க?"

திரையை மெல்ல என் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால், அது எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு மாதம் முன்பு எல்லாருக்கும் புது அடையாள அட்டை கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஆபீசில் புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமரா. ஃபர்ஸ்ட் எய்ட் அறையிலிருந்து ஒரு வெள்ளை பெட்ஷீட்டைக் கொண்டுவந்து சுவரில் மாட்டி, டியூப்லைட் வெளிச்சத்தில் நானூறு பேரை நிற்க வைத்து எடுத்தோம். படங்கள் எப்படி வந்திருக்கும்? மேனேஜர் பார்த்துவிட்டு, "என்னய்யா, எல்லாரும் போலீஸ் ஸ்டேஷன் போர்டுல ஒட்டின மாதிரி இருக்காங்க, சரி பண்ணுங்க" என்றார்.

நானூறு படத்தை யார் உட்கார்ந்து சரி பண்ணுவது? எனக்கு ரிட்டயர்மென்டுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது. இந்த மாதிரி வேலை வந்தாலே முதுகு முன்கூட்டியே வலிக்க ஆரம்பித்துவிடும். டிராயிங் செக்‌ஷன் சேவியரைக் கூப்பிட்டேன். ராயபுரத்துக்காரர், படங்களைத் திருத்தும் சாஃப்ட்வேர் அவருக்கு அத்துப்படி.

"ஒண்ணே ஒண்ணுக்கு செஞ்சி ரெக்கார்டு பண்ணிக்கலாம் சார். அத்த வெச்சி மிச்சத்த எல்லாம் அதுவே செஞ்சிகினு போவும்" என்றார் சேவியர்.

அந்த ஒரு படம் எது தெரியுமா? என் படம். வெளிச்சத்தைக் கூட்டினார். நிறத்தைக் கொஞ்சம் சிவப்பாக்கினார். தூசி, கீறல்களை எடுக்கும் வசதி ஒன்று இருக்கிறது, அதையும் தட்டினார். என் கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கமெல்லாம் காணோம். பத்து வயது குறைந்துவிட்டது. பலே, இதையே எல்லாருக்கும் போடுங்க என்று சொல்லிவிட்டேன்.

"பழைய படம் அப்டியே இருக்கட்டும், புச்ச வேற ஃபோல்டர்ல போடலாமா சார்?" என்று அவர் கேட்டார். கேட்டார்தான். கம்ப்யூட்டரில் இடமில்லை, எதற்கு எல்லாம் ரெண்டு ரெண்டு என்று சொன்னது நான்.

பட்டனைத் தட்டிவிட்டு கேன்டீனுக்குப் போய்த் திரும்பினோம். நானூறும் முடிந்திருந்தது. ஒரிஜினல் ஒன்றுகூட மிச்சமில்லை. அட்டை கொடுத்த அன்று யாரும் புகார் சொல்லவில்லை. "இன்னா மாமு, மாப்ள கணக்கா கீற" என்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு போனார்கள். கேட்டிலும் பிரச்சினை இல்லை. அங்கே அட்டையின் கலரைத்தான் பார்ப்பார்கள்; ஷிஃப்ட் முடிந்ததும் அதைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், வீட்டுக்குப் போகாது.

மெஷினுக்கு என்ன தெரியும்? படத்தின் மேல் விழுந்த கீறலும் மனுஷன் முகத்தில் இருக்கும் தழும்பும் அதற்கு ஒன்றுதான். ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் தேசம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "அழிக்கத் தெரியும்னா போடவும் தெரியுமில்ல?" என்றார்.

சேவியர் வந்தார். மௌஸ் அவர் கையில். தேசம்மா தன் கன்னத்திலேயே விரலை வைத்துக் காட்டினார். "இங்கேர்ந்து... இப்டி. நேரா போட்டுடாத. கீழ வர்றப்ப வளையும். தூண்டி முள்ளு கீச்சி இஸ்துகினு போச்சி. புள்ள பொறந்த வருசம்."

சேவியர் போட்டார். நீளம் அதிகம் என்றார் தேசம்மா. சேவியர் குறைத்தார். மீசைக்குள் கொஞ்சம் போகும் என்றார் அந்த அம்மா. நிறமும் சரியில்லை, அவர் இவ்வளவு சிவப்பு கிடையாது என்றார். ஒவ்வொரு படியாகக் கறுப்பாக்கிக்கொண்டே வந்தோம். மூன்று மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. எல்லப்பனிடம் எத்தனையோ வருஷம் தினம் கையெழுத்து வாங்கியவன் நான். அவர் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

ஐந்து மணிக்கு தேசம்மா, "நிறுத்து, நிறுத்து" என்றார். சேவியர் கையை எடுத்தார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா அழுதார்.

பிரிண்டை வாங்கிக்கொண்டு அவர் போனபின் மிச்சப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லப்பனுக்குச் சொல்ல ஒரு மனைவி வந்தார். மிச்சப் பேருக்கு எதையெதை அழித்தேன் என்று நான் யாரைக் கேட்பது?

மறுநாள் காலை ஷிஃப்ட் நேரத்தில் கேட்டில் போய் நின்றேன். வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒருவருக்குத் தாடையில் மச்சம். ஒருவருக்குக் கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு. ஒருவருக்குப் புருவத்தின் நடுவே தையல் போட்ட கோடு. கழுத்தில் தொங்கிய அட்டையில் எல்லாரும் பளிங்குக் கன்னத்தோடு இருந்தார்கள்.

ஒருத்தர் நின்று, "இன்னா சார், மூஞ்சியவே பாத்துகினு கீற?" என்றார்.

பின்னால் வந்தவர் அவரைத் தள்ளிக்கொண்டு போனார். "வா மாமு, பாக்கட்டும். பதினாலு வருசத்துல இன்னிக்குத்தான் பாக்குறாரு."