எலி விழுந்த வீடு

வீடு கிடைப்பதற்கு முன்னால் நான் பட்ட பாட்டைச் சொன்னால்தான் அதற்குப் பிறகு நான் செய்த காரியம் புரியும். யுத்த காலம். என் கணவருக்குத் தருமபுரி தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. அவர் ஓர் ஓட்டல் மாடியில் நாலு பேரோடு படுத்துக் கிடக்க, நான் கைக்குழந்தையோடு கடத்தூரில் அம்மா வீட்டில் ஏழு மாதம் அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ளினேன். கேட்ட இடமெல்லாம் "கைப்புள்ளக்காரங்களுக்கு வூடு இல்லீங்க" என்றார்கள். கடைசியில் ஒரு நீள வீட்டின் நடுப்பகுதி வாடகைக்குக் கிடைத்தது. முன்னால் வீட்டுக்காரம்மா, பின்கட்டில் ஒரு தையற்காரர் குடும்பம், நடுவில் நாங்கள். ஓர் அறை, ஓர் அடுப்படி. எனக்கு அதுவே அரண்மனை.

குடிவந்த மூன்றாம் மாதம் அவர் தாசில்தாரோடு முகாம் போயிருந்தார். காலையில் கஞ்சிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். ஓர் எலி, ஆள் இருப்பதையும் பாராமல், தள்ளாடித் தள்ளாடி வந்து, என் காலடியில் ஒரு சுற்றுச் சுற்றி விழுந்து செத்தது. எலி விழுந்தால் என்னவென்று அந்தக் காலத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளேக். வீட்டைக் காலி செய்து, ஊருக்கு வெளியே காட்டில் கொட்டாய் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். சர்க்கார் ஆட்கள் வந்து கூரை ஓடுகளைப் பிரித்து வெயில் விடுவார்கள்.

வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அதைப் பழைய முறத்தில் தள்ளிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டு வந்தாள்.

"பூனை கடிச்சதும்மா அது. பத்து நாள்ல எம் பொண்ணுக்குக் கண்ணாலம். பந்தக்கால் நட்டாச்சு. நீ வாயத் தொறந்தீன்னா அன்னிக்கே உன் சாமான வாரித் தெருவுல வச்சிருவேன். அப்பறம் இந்த ஊர்ல எவன் உனக்கு வூடு குடுக்கறான்னு பாக்கறேன்."

பூனையாம், பூனை! அந்த எலி மேல் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டேன். மறுபடியும் அண்ணியின் முகத்தில் விழிப்பதா? அன்று முழுவதும் குழந்தையின் அக்குளையும் தொடை இடுக்கையும் தடவித் தடவிப் பார்த்தேன், நெறி கட்டியிருக்கிறதா என்று. உடம்பு லேசாகச் சுட்டாலும் உயிர் போய் உயிர் வந்தது.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. வீட்டுக்காரம்மா தன் இரண்டு சின்னப் பையன்களையும் பாயும் தலையணையுமாக ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கீங்க அனுப்பறீங்க?" என்றேன்.

"பாலக்கோட்டுக்கு. மாமன் வூட்டுக்கு."

கல்யாண வீட்டை விட்டுப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்புகிறாளாம்! அடிப்பாவி! அவள் பிள்ளைக்கென்றால் பிளேக், என் பிள்ளைக்கென்றால் பூனை. சண்டை போட நேரமில்லை. ஒரு மணி நேரத்தில் நானும் கடத்தூருக்கு ஒரு வண்டி பிடித்து, குழந்தையும் துணிமூட்டையுமாக ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

தையற்காரர் மனைவி ஓடிவந்தாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"என்ன தங்கச்சி, திடுதிப்புன்னு கெளம்பிட்ட?"

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லீங்கக்கா" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல். சொல்லிவிட்டால் வீடு போய்விடும். சொல்லாமல் இருந்தால் எல்லாம் அடங்கியதும் திரும்பி வரலாம். அந்த ஆசை அப்போதும் விடவில்லை.

அவளுடைய மூன்று வயது மகள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, தானும் வருவேன் என்று அழுதாள்.

"கூட்டிக்கிட்டுத்தான் போயேன். ரெண்டு நாள் கழிச்சு அனுப்பு" என்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"எலி விழுந்துச்சுக்கா! என் அடுப்படியில. நீங்களும் கெளம்பிருங்க!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டேன்.

வாசலில் நின்ற வீட்டுக்காரம்மா, "நாசமாப் போறவளே! எம் பொண்ணு வாழ்க்கையில மண்ண வாரிப் போட்டுட்டியே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வீடு போனால் போகட்டும் என்று எனக்கு மனசு லேசானது. அக்கா என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றுகூட நினைத்தேன்.

அவள் மகளைச் சக்கரத்திலிருந்து பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எப்ப விழுந்துச்சு?"

"நேத்துக் காலையில."

"நேத்துப் பொழுதனைக்கும் எம் புள்ள உன் அடுப்படியிலதானே வெளையாடிக்கிட்டு இருந்தா?"

ஆமாம், விளையாடினாள். என் குழந்தையைப் பத்துத் தடவை தடவிப் பார்த்த நான், அவளை ஒரு தடவைகூட எழுந்து போகச் சொல்லவில்லை. அக்கா அங்கேயே, நடுத்தெருவில், மகளின் சட்டையைத் தூக்கி அக்குளைத் தடவ ஆரம்பித்தாள்.