புங்கு கேட்டேன், புன்னை வந்தது

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள். நகராட்சிப் பூங்காக்களுக்கு நான்தான் சூப்பர்வைசர். வேறொரு பூங்காவில் குழாய் உடைந்துவிட்டது என்று போய்விட்டுத் திரும்பினால், பஸ் ஸ்டாண்டு பக்கப் பூங்காவில் பாதிக் குழிகளில் கன்று நட்டாகிவிட்டது. நான் கேட்டது புங்கு. நின்றதெல்லாம் புன்னை.

கருங்கல் நர்சரிக்காரர் தங்கையன் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

“மேடம், புங்குக்கு எங்க பக்கம் உங்குன்னுல்லா பேரு. நிங்க பறஞ்சது எனக்குப் புன்னன்னு கேட்டுது.”

மீதிக் குழிகளுக்குப் புங்கு வந்து சேர்ந்தது. எங்கள் இன்ஜினியர் வெளியூர்க்காரர். வந்து பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

“ஒரே மரம், ஒரே வரிசைன்னு சொன்னேனே மேடம். புன்னையெல்லாம் பிடுங்குங்க.”

பிடுங்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அப்படியே விட்டோம். எனக்கு நல்ல டோஸ் கிடைத்தது.

சில வருஷம் கழித்துப் புயல் வந்தது. புங்கு ஒன்றுவிடாமல் சாய்ந்தது. புன்னை அசையவில்லை. நான் முட்டத்துக்காரி, கடல்காற்றில் புன்னை நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள். மரமென்றால் புன்னைதான் என்று எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தேன்.

அடுத்த கோடையில் அந்தப் புன்னைகள் நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. வேரில் கோளாறா, பூச்சியா, ஒன்றும் புரியவில்லை. மருந்தடித்தும் பலனில்லை. கிளை கழித்து நிமிர்த்திவிட்ட புங்கோ தளதளவென்று தழைத்து நின்றது. இதில் எதை நல்ல மரம் என்று சொல்வது?

அந்த நேரம் பார்த்து, பக்கத்துக் காலி இடத்திலும் மரம் நட உத்தரவு வந்தது. மத்தியானம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மீன்காரப் பெண்கள் அங்கேதான் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் எங்கள் ஊர் ஸ்டெல்லா அக்கா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு சொன்னாள்:

“ஏட்டி, இந்தத் தடவையாவது சாவாத மரமா வையி.”

அன்று ராத்திரி முழுக்க அதே யோசனை. சாகாத மரம் எது?

இன்ஜினியரும் அதையேதான் கேட்டார். “எந்த மரம் மேடம்? ஒண்ணைச் சொல்லுங்க.”

“தெரியல சார்.”

“இத்தனை வருஷ சர்வீஸ்ல இதுகூடத் தெரியாதா?”

“அடுத்தால வரப்போறது காத்தா, பூச்சியா, வறட்சியான்னு எனக்குத் தெரியாதுல்லா சார். பல மரமா கலந்து வைப்போம். எல்லாம் ஒண்ணுபோல சாவாது.”

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சரி என்றார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். எந்த மரம் தாங்கும் என்று நமக்குத் தெரியாது. தெரியாததால்தான் பல மரம் வைக்க வேண்டும். எனக்கு இன்றுவரை குழப்பம் தீரவில்லை.

இன்ஜினியர் சரி என்ற அன்றைக்கே கருங்கலுக்குப் போன் போட்டேன். அண்ணாச்சி உஷாராக இருந்தார்.

“எந்த மரம் வேணும் மேடம்? இந்தத் தடவ தெளிவா பறயுங்க.”

“நான் என்ன சொன்னாலும் தப்பாவே கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி.”